செகிரோவை விமர்சகர்கள் ஏன் அப்படிப் புகழ்ந்தார்கள்? நாகர்கோவிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் செகிரோ கேமுக்குத் தள்ளுபடி வரும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்களிடமிருந்து எனக்கு அதே கேள்விகள் வந்துவிடும். "அண்ணே, ரிவ்யூ எல்லாம் ஆகா ஓகோன்னு இருக்கு. ஆனா வாங்கினவன்ல பாதிப்பேர் பாதியிலயே விட்டுட்டான். யாரை நம்புறது?" எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது இதுதான். ஒவ்வொருவரிடமும் வேப்பமூட்டில் நின்று அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். அந்த முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டு பேரையும் நம்பலாம். புகழ்ந்தவரும் விட்டு ஓடினவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். எப்படி என்று கீழே பார்க்கலாம்.

இது என்ன கேம்? யார் செய்தது?

முழுப்பெயர் செகிரோ: ஷாடோஸ் டை ட்வைஸ். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது, ஜப்பானுக்கு வெளியே ஆக்டிவிஷன் வெளியிட்டது. இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி. டார்க் சோல்ஸ், பிளட்போர்ன் இரண்டையும் இயக்கியவர். 2019 மார்ச் 22 அன்று ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒன்றாக வந்தது.

கதை நடப்பது செங்கோகு காலத்தின் கடைசியில். ஜப்பானில் பிரபுக்கள் ஒருவரோடொருவர் ஓயாமல் போரிட்ட காலம் அது. அஷினா என்பது கற்பனை நாடு. நாம் ஒரு ஷினோபி, அதாவது நிஞ்சா. குரோ என்ற சிறுவனைக் காக்க வேண்டியவன். தொடக்கத்திலேயே ஒரு சண்டையில் இடது கை போய்விடும். அந்த இடத்தில் ஒரு செயற்கைக் கை வரும். அதில் கூரைக்குக் கூரை தாவ கொக்கிக் கயிறு, கேடயத்தைப் பிளக்கக் கோடாலி, மிருகங்களை மிரட்டப் பட்டாசு என்று பலதும் பொருத்திக்கொள்ளலாம். எதிரில் நிற்பவர்களில் பலர் சாமுராய்கள்.

விமர்சகர்கள் எவ்வளவு மதிப்பெண் கொடுத்தார்கள்?

பல விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக்கில், மூன்று கருவிகளிலுமே 100க்கு 90ஐ ஒட்டி நின்றது. ஐஜிஎன் 10க்கு 9.5 கொடுத்தது, கேம்ஸ்பாட் 9 கொடுத்தது. 2019 டிசம்பரில் நடந்த தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான். அந்தப் பட்டியலில் டெத் ஸ்ட்ராண்டிங், கன்ட்ரோல், ரெசிடென்ட் ஈவில் 2, தி அவுட்டர் வேர்ல்ட்ஸ், சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்று பெரிய பெயர்களாகவே இருந்தன. விளையாடுபவர்களே வாக்குப்போடுகிற ஸ்டீம் விருதிலும் அந்த ஆண்டின் சிறந்த கேம் இதுதான். இதைக் கவனிக்க வேண்டும். "விமர்சகனுக்குப் பிடிக்கும், சாதாரண ஆளுக்குப் பிடிக்காது" என்று நம் பையன்கள் சொல்வது செகிரோ விஷயத்தில் சரியில்லை. விற்பனையும் அப்படித்தான்: பத்து நாளுக்குள் 20 லட்சம், 2020 ஜூலையில் 50 லட்சம், 2023 செப்டம்பரில் ஒரு கோடி.

அப்படி எதைப் புகழ்ந்தார்கள்?

வாள்சண்டையை. கிட்டத்தட்ட எல்லா விமர்சனமும் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வழக்கமான கேமில் எதிரியின் உயிர்ப்பட்டையைக் கரைத்துத் தீர்த்தால் வெற்றி. செகிரோவில் அதோடு இன்னொரு பட்டை இருக்கிறது, போஸ்ச்சர் என்பார்கள். நம் மொழியில் 'நிலை' என்று சொன்னால் சரியாக இருக்கும். எதிரியின் வாள் நம்மீது படப்போகிற அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தினால் அடி தெறித்துப்போகும், அவன் நிலை கொஞ்சம் குலையும். நாமும் விடாமல் அடிக்க வேண்டும். சும்மா நின்றால் அவன் நிலை மீண்டுவிடும். உயிர் குறையக் குறைய அவனால் நிலையை மீட்க முடியாமல் போகும். பட்டை நிறைந்ததும் ஒரே வெட்டு, ஆள் காலி. எதிரியின் உயிர் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே சண்டை முடிந்துவிடுவதும் உண்டு.

இதை எழுத்தில் சொன்னால் பாதிதான் புரியும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். திருவட்டார் பக்கம் ஓர் ஆசானிடம் அடிமுறை என்ற நம் ஊர்த் தற்காப்புக் கலை படிக்கிற பையன்களை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு எல்லாம் முடித்துக் குறுந்தடிக்கு வந்திருந்தான் ஒரு பையன். ஆசான் தடியை வீசினார், பையன் பின்னால் துள்ளினான். ஆசான் ஒன்றும் பேசவில்லை. தன் காலால் அவன் காலைத் தள்ளிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். மறுபடி வீசினார். மறுபடி துள்ளினான். நாலைந்து தடவைக்குப் பிறகு பையன் நகரவில்லை. தடியைக் குறுக்கே கொண்டுவந்தான். 'டக்'. அந்தச் சத்தம் கேட்டதும் ஆசான் வேகத்தைக் கூட்டினார். டக், டக், டக்கென்று இருவரும் ஒரு தாளத்தில் போக ஆரம்பித்தார்கள்.

செகிரோ விரலுக்குச் சொல்லித் தருவது இதேதான். துள்ளி ஓடாதே, நின்று தட்டு. சரியான நேரத்தில் தட்டினால் வருகிற சத்தமும் பொறியும் வேறு, சும்மா தடுத்தால் வருவது வேறு. என் அக்கா மகன் விளையாடும்போது நான் அடுத்த அறையில் இருந்தே சத்தத்தை வைத்து, இந்தத் தடவை ஜெயிக்கப் போகிறானா தோற்கப் போகிறானா என்று சொல்லிவிடுவேன். பல விமர்சகர்கள் இதைத் தாளம் தட்டி விளையாடுகிற கேமோடு ஒப்பிட்டது அதனால்தான்.

அப்புறம் சிவப்பு எழுத்து. ஆபத்தான அடி வரும்போது தலைக்கு மேல் ஒரு சிவப்பு எழுத்து மின்னும். குத்து வந்தால் எதிர்த்துப் பாய்ந்து ஈட்டியையே காலால் மிதிக்க வேண்டும். காலை வாரினால் குதிக்க வேண்டும். பிடிக்க வந்தால் விலக வேண்டும். எந்த அடி வருகிறது என்று எழுத்து சொல்லாது; எதிரியின் தோளையும் காலையும் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஈட்டியை முதல்முறை மிதித்த அந்த நொடியை எத்தனையோ பேர் ஆசையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்த நொடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கூரைகளில் கொக்கி போட்டுத் தாவுவது, பின்னால் பதுங்கிப்போய் முடிப்பது, அஷினாவின் பனியும் கோயில்களும், யூகா கிடமுராவின் இசை, இவற்றுக்கும் பாராட்டு வந்தது. ஆனால் வாள்தான் முதலிடம்.

குறையே சொல்லவில்லையா?

சொன்னார்கள், சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார்கள். முதலாவது கேமரா. சுவரோரம் மாட்டிக்கொண்டால் கேமரா எங்கேயோ திரும்பிவிடும், எதிரியையே பார்க்க முடியாது. நொடியில் பாதியை நம்பி நடக்கிற சண்டையில் இது பெரிய குறை.

இரண்டாவது, கைக்கருவிகளைப் பயன்படுத்தச் சின்னச் சின்ன உருக்கள் தேவை. ஒரு பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், பத்துத் தடவை தோற்றால் அவை தீர்ந்துபோகும். திரும்பிப்போய்ச் சில்லறை எதிரிகளைக் கொன்று சேர்க்க வேண்டும். கற்றுக்கொள்கிற நேரத்தில் அரிசி வாங்க அனுப்பியது போல இருக்கும். மூன்றாவது, சில சிறிய பாஸ்கள் பெயர் மாறித் திரும்ப வருவது.

நாலாவதுதான் முக்கியம்: ஒரே வழி. டார்க் சோல்ஸில் வாள் ஒத்துவரவில்லை என்றால் மந்திரம், கேடயம், வில், துணைக்கு ஓர் ஆள் என்று ஏதாவது இருக்கும். செகிரோவில் ஆயுதம் ஒரே ஒரு வாள். கவசம் மாற்றிப் பலம் கூட்ட முடியாது. ஆன்லைனில் நண்பனைக் கூப்பிட முடியாது. தட்டக் கற்றுக்கொள், இல்லையென்றால் இங்கேயே நில். மற்றவர் புகழ்ந்த அந்த வாள்சண்டை அவ்வளவு கூர்மையாக வந்ததே, செய்தவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்காததால்தான். எல்லோரிடமும் இருப்பது ஒரே வாள் என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு பாஸையும் அந்த வாளுக்கு ஏற்றபடி செதுக்க முடியும். பாராட்டும் குறையும் ஒரே முடிவிலிருந்து வருகின்றன என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஈஸி மோட் பற்றி அப்போது பெரிய சண்டை நடந்ததாமே?

ஆமாம். கேம் வந்த சில வாரங்களுக்கு இணையம் முழுக்க அதே பேச்சு. ஈஸி மோட், அதாவது கடினத்தைக் குறைத்து விளையாடும் வசதி, வைப்பதே விளையாடுபவனுக்குத் தரும் மரியாதை என்று ஒரு பக்கம் எழுதினார்கள். ஒரு பிசி விளையாட்டு இதழின் எழுத்தாளர், கேமின் வேகத்தைக் குறைக்கிற ஒரு வெளி நிரலைப் போட்டுத்தான் கடைசி பாஸை வென்றேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினார். அதற்கு ஒருவர் "நீ கேமை மட்டும் ஏமாற்றவில்லை, உன்னையே ஏமாற்றிக்கொண்டாய்" என்ற தோரணையில் பதில் எழுத, அது பல மாதங்களுக்கு மீமாகச் சுற்றியது.

மியாசாகியின் பதில் முன்பே இருந்தது. எல்லோரும் ஒரே தடையைத் தாண்டி வந்தால்தான் அதைப் பற்றி ஒரே தளத்தில் பேசிக்கொள்ள முடியும், அதனால்தான் கடினத்தைத் தேர்வு செய்யும் வசதி வைப்பதில்லை என்றார். அதில் உண்மை இருக்கிறது. கெனிச்சிரோ என்ற கடினமான பாஸை வென்ற இரண்டு பேர் செட்டிகுளத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தால் ஒரு மணிநேரம் பேசுவார்கள், இருவரும் பட்டது ஒரே பாடு என்பதால்.

ஆனால் குளச்சலில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். வள்ளத்தில் கயிறு சுற்றி அவன் வலது கட்டைவிரல் சரியாக மடங்காது. கேம் மேல் அவனுக்கு உயிர். செகிரோவில் எந்த அடி வருகிறது என்று என்னைவிட முன்பே அவன் சொல்லிவிடுவான். "இப்ப குத்து வரும் மக்கா" என்பான், வரும். விரல்தான் அந்த நேரத்துக்குள் போய்ச்சேராது. அவனுக்குத் தேவைப்பட்டது ஈஸி மோட் கூட இல்லை. தட்டுவதற்கான நேரத்தைக் கண்ணிமைக்கும் அளவு நீட்டித் தந்தால் போதும். அவன் கற்றுக்கொண்டிருப்பான், எல்லோரும் பட்ட பாட்டைப் பட்டுத்தான் ஜெயித்திருப்பான். மாற்றுத்திறனாளிகள் பலர் அந்த நேரத்தில் கேட்டதும் இதைத்தான். 2018இல் வந்த செலஸ்ட் கடினமான கேம்தான். அதில் வேகத்தைக் குறைக்க, கூடுதல் உதவி எடுத்துக்கொள்ளத் தனிப் பகுதியே வைத்தார்கள். அதனால் அதன் பெயர் கெட்டுவிடவில்லை. அப்படி ஓர் ஏற்பாடு செகிரோவில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. இதில் நான் மியாசாகி பக்கம் இல்லை.

இதற்கு முன் வந்த சாமுராய், நிஞ்சா கேம்களோடு ஒப்பிட்டால்?

2004இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த நிஞ்சா கெய்டன் இந்த வகையின் பெரியண்ணன். அதுவும் 90க்கு மேல் மதிப்பெண் வாங்கியது, அதையும் கடினம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். மறுவருடம் வந்த நிஞ்சா கெய்டன் பிளாக்கில், தொடக்கத்திலேயே திரும்பத் திரும்பச் செத்தால் 'நிஞ்சா டாக்' என்ற எளிய முறை திறக்கும். உதவியும் செய்து அவமானமும் படுத்துகிற பெயர். ஈஸி மோட் என்றாலே கூச்சப்படுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே ஓர் அடையாளம்.

2017இல் டீம் நிஞ்சா செய்த நியோ வந்தது. 1600இல் ஜப்பான் கரை சேர்ந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸை வைத்துப் புனைந்த கதை. மெட்டாகிரிட்டிக்கில் 88. அதுவும் கடினம்தான், ஆனால் வழிகள் நிறைய: வாளை மேலே, நடுவே, கீழே பிடிக்க மூன்று நிலைகள், ஈட்டி, கோடாலி, மந்திரம், கொட்டிக் கிடக்கும் ஆயுதங்கள், துணைக்கு ஆள். அதை விமர்சித்தவர்கள் ஆயுதம் குவிந்துபோய் எதை எடுப்பது என்றே தெரியவில்லை, எதிரிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று குறை சொன்னார்கள். செகிரோவுக்கு நேரெதிர். செகிரோ கையைக் கட்டிப்போடுகிறது என்று நினைப்பவர்கள் முதலில் நியோவை விளையாடலாம்.

டார்க் சோல்ஸ் முடித்தவனுக்கு இது சுலபமாக இருக்குமா?

இருக்காது. பழக்கமே எதிரியாகும். அதில் உருண்டு விலகி, இரண்டு அடி போட்டு, தள்ளிப்போவது வழக்கம். இங்கே அப்படி விலகிக்கொண்டே இருந்தால் அடிதான் விழும்.

நாம் செத்தால் மற்றவர்களுக்கு நோய் வருமாமே?

வரும். கேமின் பெயரிலேயே இருக்கிறபடி, விழுந்த இடத்திலேயே ஒருமுறை உயிர்த்து எழலாம். மறுபடி செத்தால் பணத்திலும் அனுபவப் புள்ளியிலும் பாதி போகும். அடிக்கடி செத்தால் நமக்குத் தெரிந்தவர்கள் டிராகன்ராட் என்ற நோயில் இருமத் தொடங்குவார்கள். முதலில் பார்க்கும்போது பதறிப்போவோம். உண்மையில் அதைக் குணப்படுத்த மருந்து உண்டு, யாரும் அதனால் சாகமாட்டார்கள். இந்த ஏற்பாடு பயமுறுத்துகிற அளவுக்கு வேலை செய்யவில்லை என்று சிலர் எழுதினார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது.

கதை புரியுமா? தமிழ் இருக்கிறதா?

தமிழ் இல்லை. ஜப்பானிய மொழிக் குரலை வைத்துக்கொண்டு கீழே ஆங்கிலத்தில் படிக்கலாம், நான் அப்படித்தான் விளையாடினேன். ஃப்ரம்சாஃப்ட்வேரின் மற்ற கேம்களைவிட இதில் கதை நேராக இருக்கிறது என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். வளர்த்தவன் சொல்லுக்குக் கட்டுப்படுவதா, காக்க வேண்டிய பிள்ளையின் சொல்லுக்கா என்ற கேள்விதான் மையம். முடிவுகள் நான்கு.

என் கம்ப்யூட்டரில் ஓடுமா? இங்கே மழைக்காலத்தில் கரன்ட் போய்ப்போய் வருமே?

குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 760 கிராபிக்ஸ் கார்டு, 25 ஜிபி இடம் வேண்டும். இன்றைய கேம்களோடு பார்த்தால் இது சின்னத் தேவைதான். கரன்ட் போனால் பயப்பட வேண்டாம், கேம் தானாகவே சேவ் செய்துகொண்டே இருக்கும். பாஸ் சண்டையை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கீபோர்டில் விளையாட முடியும் என்றாலும் ஒரு கன்ட்ரோலர் வாங்கிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு வாங்கித் தரலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்றே முத்திரை. கழுத்தில் வாள் இறங்குவதையும் ரத்தம் பீறிடுவதையும் மறைக்காமல் காட்டும். என் அக்கா மகன் கல்லூரிக்குப் போன பிறகுதான் நானே கையில் கொடுத்தேன்.

கெனிச்சிரோவிடம் இருபது தடவை தோற்றுவிட்டேன். விட்டுவிடவா?

அஷினா கோட்டை உச்சியில் நிற்கிற இந்த ஆளிடம்தான் அதிகம் பேர் நின்றுபோகிறார்கள். கேம் உங்களுக்கு இதுவரை சொல்லித்தந்ததை எல்லாம் பரீட்சை வைப்பவன் அவன். இன்றைக்கு அவனை விட்டுவிடுங்கள். பாழடைந்த கோயில் வாசலில் ஹான்பே என்று ஒருவன் உட்கார்ந்திருப்பான், சாக முடியாதவன். அவனிடம் கேட்டால் பயிற்சிக்கு நிற்பான், எத்தனை தடவை வெட்டினாலும் எழுந்துகொள்வான். அவனோடு தட்டுவதை மட்டும் ஒரு மணிநேரம் பழகுங்கள். திருப்பி அடிக்கவே வேண்டாம். சத்தம் மாறுகிறதா என்று காதைக் கொடுங்கள்.

பிறகு கெனிச்சிரோவிடம் போனால், மூன்றாவது சுற்றில் கவசத்தைக் களைந்துவிட்டு மின்னலை வீசுவான். அப்போது குதித்து, அந்தரத்தில் இருக்கும்போது மின்னலை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வாளை வீசினால் அது அவன்மேலேயே திரும்பிப் பாயும். ஐப்பசியில் ஒரு ராத்திரி, வெளியே நிஜமான இடி இறங்கிக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் அதை முதல்முறை செய்தான். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "மாமா, பாத்தீங்களா?" என்றான். நான் பார்க்கவில்லை, அடுக்களையில் இருந்தேன். சத்தத்தை மட்டும் கேட்டேன்.